பிள்ளையின் முகம் யாருக்குச் சொந்தம்?

இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து எம்மவர்கள் ஓய்வில்லாமல் செய்யும் வேலை ஒன்று உண்டென்றால் அது கையொப்பம் வைப்பதுதான். வதிவிடப் பதிவுக்கு ஒரு தாள், மருத்துவக் காப்புறுதிக்கு ஒரு தாள், வீட்டுக்கு ஒரு தாள், பிள்ளையைக் கிண்டர்கார்டனில் சேர்க்க ஒரு கட்டுத் தாள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறும் மொழி. எதிரே இருப்பவர் விரலை வைத்துக் காட்டும் இடத்தில் பெயரை எழுதிவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வெளியே வருகிறோம்.

அந்தக் கட்டுக்குள் ஒரு தாள் எமது பிள்ளைகளின் புகைப்படத்தைப் பற்றியது. "ஐன்வில்லிகுங்" என்ற சொல் அதன் தலைப்பில் இருக்கும். சம்மதம் என்று பொருள். பிள்ளையைப் படம் எடுக்கவும், அதை வெளியிடவும், சில வேளைகளில் விளம்பரத்துக்குப் பயன்படுத்தவும் நீங்கள் சம்மதிக்கிறீர்கள் என்பதே அதன் சாரம். ஜேர்மனிக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் இந்தத் தாளைப் பற்றி விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கெல்லாம் போகிறது எங்கள் பிள்ளையின் படம்?

கிண்டர்கார்டனுக்கும் பாடசாலைக்கும் ஆண்டுதோறும் படப்பிடிப்பாளர் வருகிறார். உதைபந்தாட்டக் கழகம் தனது துண்டுப்பிரசுரத்தில் பிள்ளைகளின் படத்தைப் போடுகிறது. அகதிகள் விடுதிக்கு வரும் தொண்டர்கள் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு நாலு படம் எடுத்துச் செல்கிறார்கள். சில மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் முகம் நிதி திரட்டும் பிரசுரம் ஒன்றின் அட்டையில் வருகிறது. இது வியாபாரம் இல்லையே என்று நாம் நினைக்கலாம். பிறரிடம் பணம் கேட்பதற்காக ஒரு முகத்தை முன்னே நிறுத்துவதும் விளம்பரம்தான்.

வெளியாரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எமது கடைகளின் நாட்காட்டிகளைப் பாருங்கள். புடவைக்கடையின் கண்ணாடிக்குள்ளே தொங்கும் பெரிய படங்களைப் பாருங்கள். சாமத்திய வீட்டுக்கு வந்த படப்பிடிப்பாளர், அந்தப் பிள்ளையின் படத்தையே தனது தொழிலுக்கு மாதிரியாக இணையத்தில் போட்டுவிடுகிறார். யாரும் பெற்றோரைக் கேட்பதில்லை. கேட்காமல் போட்டால் பெற்றோரும் வாய் திறப்பதில்லை. "எங்கட ஆள்தானே, எப்படிக் கேட்கிறது?" என்று இருந்துவிடுகிறோம்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. மகளுக்குச் சாமத்திய வீடு செய்தார்கள். சேலையும் நகையுமாக அவள் நிற்கும் படம் படப்பிடிப்பு நிலையத்தின் விளம்பரமாக இரண்டு ஆண்டுகள் இருந்தது. அவளது வகுப்பில் படிக்கும் பையன்கள் அதைக் கண்டுபிடித்து, அது என்ன சடங்கு என்றும் விசாரித்து அறிந்துகொண்டார்கள். பிறகு அவள் பாடசாலைக்குப் போகவே மறுத்தாள். தகப்பன் நிலையத்துக்குப் போய்க் கேட்டபோது, "நல்ல வடிவாய்த்தானே இருக்கு, உங்களுக்குப் பெருமைதானே அண்ணை" என்று பதில் வந்தது. ஆலோசனை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி, 14 நாள் தவணை குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதம் போன மூன்றாம் நாள் படம் எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு கடிதத்துக்கு இருந்த வலு எங்கிருந்து வந்தது? அதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மரண வீட்டில் பிறந்த சட்டம்

ஜேர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க் 1898ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி இரவு, ஹம்பேர்க் நகருக்கு அருகே உள்ள தனது மாளிகையில் இறந்தார். அன்றிரவே இரண்டு படப்பிடிப்பாளர்கள் களவாக உள்ளே புகுந்து, கட்டிலில் கிடந்த உடலைப் படம் எடுத்து, அதை விற்பதற்கு முயன்றார்கள். குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள். 1899இல் அக்கால உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிடிமானமாக இருந்தது அனுமதியின்றி வீட்டுக்குள் புகுந்த குற்றமே. ஒரு மனிதனின் உருவம் அவனுக்கே உரியது என்று சொல்ல அன்று இந்த நாட்டில் சட்டம் இருக்கவில்லை.

அந்தக் குறையை நிரப்ப 1907ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி ஒரு சட்டம் பிறந்தது. அதன் 22ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் உருவப்படத்தை அவருடைய சம்மதம் இருந்தால் மட்டுமே பரப்பலாம், பொதுவில் காட்டலாம் என்பதே அப்பிரிவு. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது தண்டப்பணம் என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. மன்னரைப் போல் நாட்டை ஆண்டவருக்காகத் தொடங்கிய வழக்கு, இன்று அகதி விடுதியில் தவழும் குழந்தைக்கும் காவலாக நிற்கிறது.

2018ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளது. ஆளை அடையாளம் காட்டும் படமும் ஒரு தரவுதான். இந்தச் சட்டத்தின்படி, சம்மதம் கிடைத்தது என்பதை நிரூபிக்க வேண்டியவர் படத்தைப் பயன்படுத்துபவரே. நீங்கள் பேசாமல் இருந்தது சம்மதம் ஆகாது. முன்கூட்டியே புள்ளடி போட்டு நீட்டிய படிவமும் சம்மதம் ஆகாது.

இங்கே பலர் குழம்பும் ஒரு விடயம் உண்டு. "படம் நான் எடுத்தது, எனக்குத்தான் சொந்தம்" என்பார் படப்பிடிப்பாளர். படைப்புரிமை அவருடையது என்பது உண்மை. ஆனால் படத்தில் இருக்கும் முகத்தின் உரிமை பிள்ளையுடையது. இரண்டும் வெவ்வேறு. 2007இல் அவுஸ்திரேலியாவில் ஒரு கைத்தொலைபேசி நிறுவனம் தெருவோரங்களில் பெரிய விளம்பரங்கள் வைத்தது. அதில் இருந்தவள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பாடசாலை மாணவி ஒருத்தி. அவளது தேவாலயத்தைச் சேர்ந்த ஒருவர் எடுத்து, யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு இணையத்தில் போட்ட படம் அது. எடுத்தவர் அனுமதித்தார், அவளையோ பெற்றோரையோ எவரும் கேட்கவில்லை. குடும்பம் டெக்சாசில் வழக்குப் போட்டது. அவுஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி 2009இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. படம் எல்லை கடந்து போவது எளிது, நீதி அதன் பின்னால் போவது அவ்வளவு எளிதல்ல.

யார் கையொப்பம் வைக்க வேண்டும்?

சிறு பிள்ளைக்காகப் பெற்றோர் சம்மதிக்கிறார்கள். பராமரிப்பு உரிமை தாய் தகப்பன் இருவருக்கும் இருந்தால் இருவரும் சம்மதிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி டுசில்டோர்ப் மேல் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பிரிந்து வாழும் ஒரு தம்பதியின் பிள்ளைகளைத் தகப்பனின் புதிய துணைவி படம் எடுத்து, தனது சிகை அலங்கார நிலையத்தின் விளம்பரத்துக்காக இணையத்தில் போட்டார். தகப்பன் சம்மதித்திருந்தார், தாய் சம்மதிக்கவில்லை. இப்படிப் படம் வெளியிடுவது பிள்ளையின் வாழ்வில் முக்கியமான விடயம், ஒருவர் சம்மதம் போதாது என்று தீர்ப்பாகியது. படத்தை நீக்கும் நடவடிக்கையைத் தாய் தனியாகவே எடுக்க வழி பிறந்தது.

எமது குடும்பங்களில் தகப்பன் இங்கும் தாய் ஊரிலுமாகப் பல ஆண்டுகள் இருப்பது வழமை. ஊரில் இருக்கும் தாய்க்கும் இதில் சொல் உண்டு. அவர் கடல் கடந்து இருப்பதால் அவர் உரிமை அழிந்துவிடாது.

பிள்ளை விபரம் தெரிந்த வயதுக்கு வந்துவிட்டால் அதனுடைய சம்மதமும் வேண்டும். அண்ணளவாக 14 வயது என்று இங்கே நீதிமன்றங்கள் கொள்கின்றன. அப்போது பெற்றோர் ஓம் என்றாலும் பிள்ளை இல்லை என்றால் இல்லைதான். எமது வீடுகளில் பிள்ளையிடம் கேட்கும் பழக்கம் குறைவு. 14 வரை காத்திராமல் ஐந்து வயதிலேயே "இந்தப் படத்தைப் போடட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கும் ஒரு கருத்து இருப்பது தெரியவரும்.

கூட்டப் படமும் தனிப் படமும்

எல்லாப் படத்துக்கும் சம்மதம் வேண்டுமா? இல்லை. 23ஆம் பிரிவு சில விலக்குகள் தருகிறது. ஊர்வலம், பொதுக்கூட்டம் போன்றவற்றின் படங்களுக்குத் தனித்தனியே சம்மதம் வாங்க வேண்டியதில்லை. ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் எமது மக்கள் கூடுகிறார்கள். தேரும் சனமும் தெரியும்படி ஒரு பத்திரிகைப் படம் வந்தால், அதற்குள் உங்கள் பிள்ளையின் தலை தெரிந்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே திருவிழாவில் பட்டுப் பாவாடையோடு நின்ற உங்கள் மகளைக் கிட்ட நின்று தனியே படம் எடுத்து, நகைக்கடை விளம்பரத்துக்குப் போட்டால் அது கூட்டத்தின் படம் ஆகாது. அதற்குச் சம்மதம் வேண்டும்.

படப்பிடிப்பு வேலையாகும்போது

பிள்ளையை அழைத்துச் சென்று விளம்பரத்துக்கென்றே படம் எடுத்தால் அது தொழில். ஜேர்மனியின் இளையோர் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி சிறுவர் வேலை செய்யத் தடை உண்டு. விளம்பரம், படப்பிடிப்பு போன்றவற்றுக்கு அரச அலுவலகத்தின் அனுமதியோடு விலக்கு அளிக்கலாம். 3 வயதுக்கு மேல் 6 வயது வரை ஒரு நாளில் 2 மணித்தியாலம், அதுவும் காலை 8க்கும் மாலை 5க்கும் இடையில். 6 வயதுக்கு மேல் ஒரு நாளில் 3 மணித்தியாலம், இரவு 10 மணிக்கு முன். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட வைத்தியச் சான்றிதழும் வேண்டும். சிறுவர் நலன் பார்க்கும் யுகென்ட்அம்ட்டின் கருத்தும் கேட்கப்படும். பாடசாலைப் படிப்பு கெடக்கூடாது.

"உங்கள் பிள்ளை வடிவு, மொடல் ஆக்குகிறோம்" என்று கடைத்தெருவில் வந்து சொல்பவர்கள் உண்டு. முதலில் படத்தொகுப்புச் செய்யப் பணம் கட்டுங்கள் என்பார்கள். வேலை தருபவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்பதில்லை. இந்த ஒன்றே அவர்களை அளந்துபார்க்கப் போதும்.

பிள்ளை உழைத்த பணம் பிள்ளையினுடையது. பெற்றோர் அதன் காவலர் மட்டுமே. 1921இல் வந்த சாப்ளினின் படத்தில் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன் என்ற சிறுவன், வளர்ந்தபின் தன் பணத்தைத் தாயும் மாற்றாந் தகப்பனும் செலவழித்துவிட்டதாக 1938இல் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் பிள்ளைகளின் உழைப்பில் ஒரு பங்கைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. இணையத்தில் பெற்றோர் தம் பிள்ளைகளை நடிக்கவைத்துச் சம்பாதிப்பதைக் கட்டுப்படுத்த 2020இல் பிரான்ஸ் நாடும் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

ஒரு கையொப்பத்தின் ஆயுள்

அமெரிக்க நடிகை புரூக் ஷீல்ட்ஸ் பத்து வயதாக இருந்தபோது, 1975இல், அவருடைய தாய் ஒரு படப்பிடிப்பாளருக்குச் சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வைத்தார். வளர்ந்தபின் அந்தப் படங்களை நினைத்து வெட்கப்பட்ட மகள், அவை மேலும் வெளிவராமல் தடுக்க வழக்குப் போட்டார். தாய் வைத்த கையொப்பம் மகளையும் கட்டுப்படுத்தும் என்று 1983இல் நியூயோர்க் மாநில உச்ச மன்றம் தீர்ப்புச் சொன்னது. நாம் ஒரு நிமிடத்தில் போடும் கையொப்பத்தைப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்க நேரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இன்று நிலைமை சற்று நல்லது. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கொடுத்த சம்மதத்தை எந்த நேரமும் திரும்பப் பெறலாம். ஆனால் இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள். திரும்பப் பெறுவது இனிவரும் காலத்துக்குத்தான், அச்சடித்து விநியோகித்த நாட்காட்டியை வீடு வீடாகப் போய்ப் பொறுக்க முடியாது. அத்துடன், கூலி வாங்கி ஒப்பந்தம் செய்திருந்தால் அதிலிருந்து விடுபடுவது கடினம். கூலி பெற்றிருந்தால், சந்தேகம் எழும் இடத்தில் சம்மதித்ததாகவே கொள்ளப்படும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

இணையத்தில் கிடக்கும் படங்களை இயந்திரங்கள் அள்ளிக்கொண்டு போகும் காலம் இது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கத் திரட்டிய ஒரு பெரும் படத் தொகுதிக்குள் பிரேசில், அவுஸ்திரேலிய நாட்டுப் பிள்ளைகளின் குடும்பப் படங்கள் இருந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2024இல் வெளிப்படுத்தியது. அவற்றை இணையத்தில் போட்டவர்கள் இப்படி நடக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கையொப்பத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

முதலாவது, எதற்காக? பாடசாலைச் சுவரில் ஒட்டவா, விளம்பரத்துக்கா? படிவத்தில் "வெர்புங்" என்ற சொல் இருந்தால் அது விளம்பரம்.

இரண்டாவது, எங்கே? தாளிலா, இணையத்திலா, இரண்டிலுமா?

மூன்றாவது, எவ்வளவு காலம்? காலம் குறிக்காத சம்மதத்தில் நீங்களே ஒரு திகதியை எழுதலாம்.

நான்காவது, வேறு யாருக்கும் கொடுப்பார்களா? விற்பார்களா?

ஐந்தாவது, பிள்ளையின் பெயர், ஊர், பாடசாலை படத்தோடு வருமா? ஊரில் உறவுகளுக்கு ஆபத்து வரலாம் என்று அஞ்சும் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்.

விளங்காவிட்டால் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள். ஒரு பகுதிக்கு மட்டும் சம்மதிக்கவும் முடியும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் குடும்பங்களை அழைத்து விழா வைத்தபோது, வாசலில் ஒரு படிவம் நீட்டினார்கள். உள் இதழுக்கு ஒரு வரி, அறிவிப்புப் பலகைக்கு ஒரு வரி, விளம்பரத்துக்கு ஒரு வரி. என்னோடு நிற்கும் துருக்கிக்காரர் மூன்றாவது வரியைப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் திகதி போட்டுக் கொடுத்தார். வாங்கியவர் தலையை ஆட்டி வாங்கிவைத்தார். அவருடைய பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஐஸ்கிறீம் கிடைத்தது.

படம் ஏற்கெனவே வந்துவிட்டால்?

முதலில் படம் வந்த இடத்தையும் திகதியையும் குறித்து, அதன் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். பிறகு படத்தைப் போட்டவருக்குத் தவணை குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கறிற்றாஸ், டியாக்கொனி போன்றவற்றின் ஆலோசனை நிலையங்களில் உதவி கேட்கலாம். அசையாவிட்டால் உங்கள் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

சட்டத்தரணியிடம் போகக் கையில் காசு இல்லாதவர்கள், தமது பகுதி நீதிமன்றமான அம்ட்ஸ்கெரிஷ்டில் ஆலோசனைச் சான்றிதழ் கேட்கலாம். அது கிடைத்தால் சட்டத்தரணிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 15 யூரோ மட்டுமே. ஹம்பேர்க், பிரேமன் நகரங்களில் இதற்குப் பதிலாகப் பொதுச் சட்ட ஆலோசனை நிலையங்கள் உள்ளன. விளம்பரத்துக்குப் பயன்பட்ட படமானால் நட்டஈடு கேட்கவும் வழி உண்டு. குற்றவியல் நடவடிக்கை வேண்டுமானால், படத்தையும் போட்டவரையும் அறிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

நன்றிக் கடனும் முகமும்

எம்மில் பலர் மறுக்காததற்குக் காரணம் அறியாமை மட்டும் அல்ல. இருக்க இடம் தந்தார்கள், பிள்ளைக்கு உடுப்புத் தந்தார்கள், அவர்கள் ஒரு படம் கேட்டால் எப்படி இல்லை என்பது என்ற கூச்சம் ஒரு பக்கம். மறுத்தால் எமது அகதி வழக்குக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம் மறுபக்கம். படத்துக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் வழக்கோடு சம்பந்தப்பட்டவை அல்ல. சம்மதிக்காவிட்டால் கிண்டர்கார்டனில் இடமில்லை என்று சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. பயத்தில் கொடுத்த சம்மதத்தைச் சட்டமே சம்மதமாக ஏற்பதில்லை.

உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்வோம். அது நாம் பட்ட கடன், நாமே தீர்ப்போம். பிள்ளையின் முகத்தைக் கொடுத்து அதைத் தீர்க்க வேண்டியதில்லை. வீட்டையும் வளவையும் விட்டு வந்த எமக்கு, பிள்ளைகளுக்கு எழுதிவைக்கக் காணி பூமி எதுவும் இல்லை. அவர்களுடைய முகமும் பேரும் அவர்களுடையதாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளவாவது எம்மால் முடியும். அடுத்த படிவம் வரும்போது பேனாவை எடுக்க முன், கொஞ்சம் பொறுத்து, அது என்னவென்று கேளுங்கள். எமது கடைக்காரரும் படப்பிடிப்பாளரும் கேட்காமல் போட்டால் அவர்களிடமும் கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.